வாசகர் கேள்வி – பதில்: காஸ் டிடெக்டர் காட்டும் பூச்சியத்தை எப்போது நம்பலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி கையில் கொண்டுதிரியும் காஸ் டிடெக்டர்கள் பற்றியவை. உணவகம், மலசலகூடக் குழி துப்புரவு, கிணற்று வேலை, படகு பழுதுபார்ப்பு என்று கேட்டவர்களின் தொழில் வேறு வேறு. கேள்விகளின் அடியில் கிடப்பது ஒன்றுதான். மானியில் 0 என்று வருகிறது. அங்கே காஸ் இல்லை என்று அர்த்தமா, சென்சர் செத்துவிட்டது என்று அர்த்தமா? திரையைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. செத்த சென்சரும் சுத்தமான காற்றும் ஒரே இலக்கத்தைத்தான் காட்டும்.

எங்கட கடையில 37.5 கிலோ சிலிண்டர் நாலு பூட்டியிருக்கு. கழுத்து வளையிற மாதிரி ஒரு டிடெக்டர் வாங்கினனான். கிழமைக்கு ஒருக்கா லைற்றரைப் பத்தவைக்காமல் காஸை மட்டும் விட்டுப் பார்ப்பன். கீச்செண்டு கத்துது. இது காணுமோ?
— உணவக உரிமையாளர், கொக்குவில்

காணாது. சில வகை மானிகளுக்கு இது கெடுதலும்கூட.

லைற்றரின் வாயிலிருந்து வருவது கிட்டத்தட்ட முழுப் பியூட்டேன். காற்றில் ஏறத்தாழ 1.8 வீதம் பியூட்டேன் இருந்தாலே தீப்பிடிக்கும். எரியத் தொடங்கும் இந்தக் கீழெல்லையைத்தான் எல்.ஈ.எல். என்கிறோம். மானியின் 100 என்பது அந்த எல்லை. லைற்றரை மானியின் மூக்கருகே பிடித்தால் அந்த எல்லையைப் போல 50 மடங்குக்கு மேல் காஸ் சென்சரில் மோதுகிறது. அதற்குக் கத்தாத சென்சர் முழுதாகச் செத்ததாக இருக்க வேண்டும். பாதி உணர்திறன் இழந்ததும் கத்தும், கால்வாசி மட்டும் மிஞ்சியதும் கத்தும். ஆகவே அந்தக் கீச்சுச் சத்தம் உங்களுக்குச் சொல்வது மிகக் கொஞ்சம்.

கெடுதல் எப்படி வருகிறது என்றால், தொழிற்சாலை மானிகள் பலவற்றில் இருப்பது வினையூக்கி மணி வகைச் சென்சர். மெல்லிய பிளாற்றினக் கம்பிச் சுருளின் மேல் ஒரு சிறு மணி. அது சுமார் 500 பாகை செல்சியசில் சூடாக இருக்கும். காஸ் வந்தால் அதன் மேற்பரப்பில் எரியும், மணி இன்னும் சூடேறும், கம்பியின் தடை கூடும். பக்கத்தில் வினையூக்கி இல்லாத இன்னொரு மணி ஒப்பிடுவதற்கு இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே திரையில் வரும் இலக்கம். இதன்மேல் அளவுக்கு மிஞ்சிய காஸை விட்டால் மணி கொதித்துக் கரி படிகிறது. பூச்சியமும் உணர்திறனும் நகர்ந்துவிடும்.

நீங்கள் வாங்கியது விலை குறைந்த, விளக்கும் டிக்-டிக் சத்தமும் மட்டும் உள்ள வகை என்றால் அதற்குள் இருப்பது அனேகமாக வெள்ளீய ஒட்சைட்டுக் குறைகடத்திச் சென்சர். மூட்டு கசிகிறதா என்று தேட அது நல்ல கருவி. ஆனால் வாசனைத் திரவியம், மதுசார ஆவி, தாளிக்கும் புகை எல்லாவற்றுக்கும் கத்தும். "இந்த அறைக்குள் போகலாமா" என்ற கேள்விக்கு அதன் பதிலை எடுக்க வேண்டாம். சிலிண்டர் இணைப்புக்குச் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

நிறுவனத்தில் நான்கு வாயு மானி ஒன்று தந்திருக்கிறார்கள். கலிபிரேஷன் செய்வதற்கு ஆள் கொழும்பில் இருந்து வருவார். நாங்களே பாதுகாப்பாகச் செய்ய முடியுமா? முறையைச் சொல்லுங்கள்.
— பராமரிப்பு உதவியாளர், அச்சுவேலி

செய்ய முடியும். கலிபிரேஷன் என்றால் அளவு தெரிந்த காஸைக் காட்டி மானியின் இலக்கத்தை அதற்குத் திருத்துவது. உங்கள் மானியின் கைநூலும் சரியான காஸ் சிலிண்டரும் சரியான ரெகுலேற்றரும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

முதலில் சிலிண்டர். கலிபிரேஷனுக்கு வருவது 34, 58, 103 லீற்றர் என்று எழுதிய, ஒருமுறை பாவித்து எறியும் சிறு சிலிண்டர்கள். நான்கு வாயு மானிக்குப் பொதுவான கலவை: மெதேன் 2.5 வீதம் (பல மானிகளில் இது 50 என்று வரவேண்டும்), ஒட்சிசன் 18 வீதம், காபனோரொட்சைட்டு 100 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு), ஐதரசன் சல்பைட்டு 25 பிபிஎம், மிச்சம் நைதரசன். லேபிளில் நான்கு விடயம் பாருங்கள்: வாயுக்களின் பெயரும் அளவும், மிச்சம் என்ன, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. எரிவாயு மட்டும் உள்ள சிலிண்டர் என்றால் மிச்சம் "காற்று" என்று இருக்க வேண்டும். மிச்சம் நைதரசன் என்றால் மணியில் எரிவதற்கு ஒட்சிசன் இல்லை. மானி குறைவாகக் காட்டும். நீங்கள் அதை 50க்கு ஏற்றிவிடுவீர்கள். பிறகு உண்மையான காற்றில் அது தாறுமாறாகக் கூட்டிக் காட்டும்.

இந்தக் கலவை தானாகத் தீப்பிடிக்காது, மெதேனின் அளவு எரிஎல்லைக்குக் கீழே. அபாயம் இரண்டு வேறு இடங்களில் இருக்கிறது. ஒன்று, உள்ளே 500 அல்லது 1000 பிஎஸ்ஐ அழுத்தம். மத்தியான வெயிலில் வானுக்குள் போட்டு வைக்கவோ, நிமிர்த்தி வைத்துக் கால் தட்டி விழவிடவோ வேண்டாம். மற்றது, ஐதரசன் சல்பைட்டும் காபனோரொட்சைட்டும். ஓடும் அளவு சொற்பம்தான், இருந்தாலும் கதவடைத்த குளிரூட்டி அறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து மானிக்குச் செய்வது வேறு கதை. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இடத்தைத் தெரிவதில் இன்னொரு சங்கடம். வெளி முற்றம் நல்லதுதான், ஆனால் சோளகம் அடிக்கிற மாதங்களில் சென்சரின் மேல் பொருத்தும் மூடியின் விளிம்பால் காற்றுப் புகுந்து காஸைக் கலைத்துவிடும். மானி 50க்குப் பதில் 42இல் நின்று ஆடும். சென்சர் பிழை என்று நினைத்து மாற்றியவர்களும் உண்டு. ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் திறப்பு உள்ள விறாந்தை போதும். ஜெனரேற்றர், நிற்கும் வாகனம், தின்னர் போத்தல், சமையலறைப் புகை எதுவும் அருகில் வேண்டாம்.

மானியைப் பற்றரி நிறையச் சார்ஜ் செய்து, போட்டுவிட்டு, கைநூல் சொல்லும் நேரம் சூடேற விடுங்கள். ஏசி அறையில் இருந்து வெளியே எடுத்திருந்தால் வெப்பம் சமனாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு, பூச்சியப்படுத்துவதற்கு முன்பே ஒருமுறை காஸ் காட்டி, அது என்ன காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். அனேகமானோர் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். 50 காட்ட வேண்டிய இடத்தில் 38 காட்டினால், கடந்த முறைக்கும் இன்றைக்கும் இடையில் எடுத்த அளவுகள் சில கால்வாசி வரை குறைவாக இருந்திருக்கலாம் என்று அர்த்தம். 10இல் அலாரம் அடிக்க வைத்த மானி, உண்மையில் 13ஐத் தாண்டிய பிறகே அடித்திருக்கும். திருத்திய பிறகு இந்தத் தகவல் அழிந்துபோகும்.

அடுத்து பூச்சியம். சுத்தமான காற்றில், எரிவாயுவும் நச்சு வாயுக்களும் 0க்கும் ஒட்சிசன் 20.9க்கும் நிற்கச் செய்யும் படி இது. பூச்சியம் முதலில், ஸ்பான் (காஸ் காட்டி இலக்கத்தைத் திருத்துவது) பிறகு. வரிசையை மாற்றினால் ஸ்பான் வைத்த அளவு பூச்சியத்தோடு சேர்ந்து நகரும்.

ரெகுலேற்றரைப் பூட்டும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர், எண்ணெய், நூல் ரேப் எதுவும் வேண்டாம். பம்ப் இல்லாத மானிக்கு நிமிடத்துக்கு 0.5 லீற்றர் என்று நிலையாக விடும் ரெகுலேற்றர் வழக்கம். உங்கள் கைநூல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். பம்ப் உள்ள மானிக்கு இதை நேராகப் பூட்டக்கூடாது. பம்ப் உறிஞ்சுவதைவிடக் கூட வந்தால் சென்சரின் மேல் அழுத்தம் ஏறி இலக்கம் பொய்யாக உயரும். குறைய வந்தால் பம்ப் திணறி அலாரம் போடும், அல்லது எங்கிருந்தாவது காற்றை இழுத்துக் காஸை ஐதாக்கும். உறிஞ்சும் அளவுக்கு மட்டும் திறக்கும் டிமாண்ட் ரெகுலேற்றர் வேண்டும்.

ரியூப் ஒரு மீற்றருக்குள் இருக்கட்டும். மீன்தொட்டி ரியூப், சிலிக்கோன் ரியூப் என்று கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். ஐதரசன் சல்பைட்டை அவை உறிஞ்சிக்கொள்ளும். 25 பிபிஎம் வரவேண்டிய இடத்தில் 17, 18 என்று இழுபடும். மானியோடு வந்த ரியூபையே வைத்திருங்கள், எரிவாயு வேலைக்கும் நச்சு வாயு வேலைக்கும் வேறு வேறாக.

பம்ப் இல்லாத மானியில் வால்வைத் திறந்து சில விநாடி ரியூபைக் கழுவவிட்டு, பிறகு மூடியைச் சென்சரின் மேல் பொருத்துங்கள். பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எரிவாயு அரை நிமிடத்துக்குள் ஏறி நிற்கும், ஐதரசன் சல்பைட்டு கொஞ்சம் சோம்பல். இலக்கம் அசையாமல் நின்ற பிறகுதான், பொதுவாக ஒன்று முதல் இரண்டு நிமிடத்தில், ஸ்பானை ஏற்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே ஓகே அழுத்தினால் மானி நிரந்தரமாகக் கூட்டிக் காட்டப் பழகிவிடும். ஒட்சிசன் 20.9இல் இருந்து 18க்கு இறங்குகிறதா என்றும் பாருங்கள், 20.9இலேயே நிற்கும் ஒட்சிசன் சென்சரை நம்பக்கூடாது. முடிந்ததும் முதலில் மூடியைக் கழற்றி, பிறகு வால்வை மூடுங்கள். எல்லா இலக்கமும் சுத்தக் காற்று நிலைக்குத் திரும்ப வேண்டும்.

செலவுக் கணக்கும் பாருங்கள். நிமிடத்துக்கு 0.5 லீற்றர், இரண்டு நிமிடம் என்றால் ஒரு கலிபிரேஷனுக்கு ஒரு லீற்றர். அரை நிமிடம் காஸ் காட்டிப் பார்க்க கால் லீற்றர். 34 லீற்றர் சிலிண்டர் பார்க்கச் சிறியதாக இருந்தாலும் நெடுநாள் தாங்கும். எப்போதாவது மட்டும் மானியை எடுப்பவருக்குக் காலாவதிதான் முதலில் வரும்.

பதிவுப் புத்தகத்தில் திகதி, மானியின் தொடரிலக்கம், சிலிண்டரின் தொகுதி இலக்கமும் காலாவதியும், திருத்துமுன் காட்டியது, திருத்தியபின் காட்டியது, செய்தவர் கையொப்பம். கொழும்பில் இருந்து வருபவரை நிறுத்த வேண்டாம். சென்சர் மாற்றுவதும் உட்பகுதியைத் திறப்பதும் அவருடைய வேலை. வெடிகாப்புச் சான்று பெற்ற மானியை நாமாகத் திறந்து பூட்டினால் அந்தச் சான்று போய்விடும்.

மெதேனால் கலிபிரேட் செய்த மானியைச் சமையல் காஸுக்குப் பாவிக்கிறோம். 20 என்று காட்டினால் 20தானா?
— வாசகர், சாவகச்சேரி

இல்லை, அனேகமாக அதைவிடக் கூட. மெதேனால் திருத்திய மணிச் சென்சர் புரொப்பேன், பியூட்டேனுக்குக் குறைவாகவே அசையும். கைநூலின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கும். புரொப்பேனுக்குப் பல மானிகளில் அது 1.5க்கும் 2க்கும் இடையில். 1.7 என்று வைத்தால் திரையில் 20 என்பது உண்மையில் 34. உங்கள் மானியின் எண்ணைப் பார்க்காமல் வேறு மானியின் எண்ணைப் பாவிக்க வேண்டாம், கொம்பனிக்குக் கொம்பனி மாறும்.

அப்படியென்றால் புரொப்பேன் சிலிண்டரே வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மணிச் சென்சரில் நஞ்சு (சிலிக்கோன் ஆவி போல அதைக் கெடுப்பவை) படியத் தொடங்கினால் முதலில் சாவது மெதேன் உணர்வு. புரொப்பேனுக்கு ஒழுங்காக ஏறும் சென்சர் மெதேனுக்குக் குருடாக இருக்கலாம். அதே மானியை நாளை மலசலகூடக் குழிக்குக் கொண்டுபோனால் அங்கே இருப்பது மெதேன். அதனால்தான் மெதேன் சிலிண்டரைக் காட்டிவிட்டு, மானியின் உள்ளே புரொப்பேன் அல்லது பென்ரேன் சமான அளவை அமைக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கென்றே 1.45 வீத மெதேன் சிலிண்டரை விற்கிறார்கள். எங்களுக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

இன்னொரு குழப்பம்: மெதேனின் எரிஎல்லை அமெரிக்க வழக்கில் 5 வீதம், ஐரோப்பாவில் பின்பற்றும் ஐஈசி என்ற சர்வதேசத் தரத்தில் 4.4 வீதம். 2.5 வீதச் சிலிண்டர் முதலாவதில் 50, இரண்டாவதில் 57. மானி எந்தக் கணக்கில் அமைந்திருக்கிறது என்று பார்க்காமல் சிலிண்டரின் லேபிளில் உள்ள "50" ஐ அப்படியே தட்டினால் பிழை உங்கள் கையாலேயே உள்ளே போகிறது. சிலிண்டரில் எழுதிய கனவளவு வீதத்தைத்தான் நம்புங்கள்.

அகச்சிவப்பு வகை மானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதற்கு ஒட்சிசனும் தேவையில்லை, நஞ்சும் ஏறாது. ஆனால் ஐதரசனை அது காணவே காணாது. பற்றரி சார்ஜ் செய்யும் அறைக்கு அதைக் கொண்டுபோய் 0 பார்த்துத் திரும்ப வேண்டாம்.

மானி சில நேரம் −3, −4 என்று காட்டுகிறது. ஏன்?
— வாசகர், மானிப்பாய்

காஸ் இருந்த இடத்தில் பூச்சியப்படுத்தியிருக்கிறீர்கள். சிறிதளவு காஸை "இதுதான் சுத்தம்" என்று மானி பழகிக்கொண்டது. நல்ல காற்றுக்கு வந்ததும் கீழே போகிறது. இதே மானி கசிவிடத்திலும் 3, 4 குறைவாகத்தான் காட்டும். திறந்த வெளியில் மறுபடி பூச்சியம் வையுங்கள். வெப்பம் சட்டென்று மாறினாலும் சிறிது கீழிறங்கலாம், அது தானாகச் சரிவரும்.

புதுச் சென்சர் போட்டு நாலு மாதத்தில் செத்துவிட்டது. விற்றவர் நீங்கள் கெடுத்தீர்கள் என்கிறார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.
— கராஜ் நடத்துபவர், சுன்னாகம்

கராஜ் என்பதால் முதலில் கேட்க வேண்டியது: டாஷ்போட் பளபளக்க அடிக்கும் ஸ்பிறே, றப்பர் பீடிங்குக்குப் பூசும் ஸ்பிறே, கஸ்கற்றுக்குப் பிதுக்கும் சிலிக்கோன் பசை, இவை எங்கே வைத்துப் பாவிக்கப்படுகின்றன? சிலிக்கோன் ஆவி சூடான மணியில் பட்டால் உடைந்து கண்ணாடி போன்ற சிலிக்காப் படலமாகப் படியும். அதைக் கழுவ முடியாது. மானி வைக்கும் மேசையிலேயே ஸ்பிறே அடித்தால் சென்சர் மானி ஓடாத நேரத்திலும் அதை உறிஞ்சி வைத்திருந்து, போட்டதும் எரித்துப் படியவைக்கும். மானியின் உடலைத் துடைக்க ஈரத் துணி மட்டும். பொலிஷ், கிளீனர் எதுவும் வேண்டாம்.

ஐதரசன் சல்பைட்டும், பழைய குளிர்சாதன வாயுக்கள் போன்ற குளோரீன் சேர்ந்தவையும் தற்காலிகமாக மயக்கும். நல்ல காற்றில் ஓடவிட்டால் ஓரளவு தேறும்.

விற்றவரோடு வாதாடப் பதிவுப் புத்தகம்தான் சாட்சி. ஒவ்வொரு முறையும் திருத்துமுன் காட்டிய அளவு 49, 47, 41, 30 என்று இறங்கியிருந்தால் நஞ்சு. 49, 49, பிறகு திடீரென 0 என்றால் கம்பி அறுந்திருக்கலாம். மானியை விழுத்தினீர்களா என்று பாருங்கள்.

கிணறு இறைக்க ஆளை இறக்குமுன் காஸ் மீற்றர் இறக்கிப் பார்ப்போம். முன்பு விளக்குக் கொளுத்தி இறக்குவார்கள். எது நல்லது?
— வாசகர், உரும்பிராய்

எரிவாயு மட்டும் அளக்கும் மீற்றர் என்றால் இரண்டும் பற்றாது. நீண்டகாலம் மூடிக்கிடந்த கிணற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. மண்ணெண்ணெய் பம்பை உள்ளே இறக்கி ஓட்டியிருந்தால் காபனோரொட்சைட்டு. பக்கத்தில் மலசலகூடக் குழி இருந்தால் ஐதரசன் சல்பைட்டு. மெதேன் நான்காவது ஆள். விளக்கு ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு இறங்கினால்தான் அணையும். மனிதன் 19.5க்குக் கீழே உள்ள இடத்துக்குள் இறங்கவே கூடாது. காபனோரொட்சைட்டைப் பற்றி விளக்கு ஒன்றும் சொல்லாது. மெதேன் இருந்தால் விளக்கே கொள்ளிக்கட்டை.

நான்கு வாயு மானியோடு முதலில் பார்க்க வேண்டியது ஒட்சிசன். அது 10 வீதத்துக்குக் கீழே போனால் மணிச் சென்சரின் எரிவாயு இலக்கம் அர்த்தமற்றது. நிறைய மெதேன் உள்ள இடத்தில் இலக்கம் விறுக்கென்று ஏறி, பிறகு தானாக 0க்கு வரும். காஸ் போய்விட்டது என்று நினைப்பார்கள். எரிவதற்குக் காற்று போதாமல் மணி ஆறிவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை விறுக்கென்று ஏறி விழுந்தால் அந்த இடத்தை வெடிக்கக்கூடிய இடமாகவே எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

பம்பும் ரியூபும் வைத்து மேலே நின்றபடி அளக்க வேண்டும்: வாய்க்குக் கீழே, நடுவில், தண்ணீருக்கு ஒரு அடி மேலே. தண்ணீரை உறிஞ்சாமல் இருக்க ரியூப் நுனியில் தண்ணீர் தடுக்கும் வடி இருக்கட்டும். ரியூபில் காற்று வந்துசேர மீற்றருக்குப் பத்து விநாடி என்று தாராளமாக விட்டு, அதன்மேல் சென்சர் நிலைக்க இரண்டு நிமிடம். 12 மீற்றர் ரியூப் என்றால் ஒவ்வொரு மட்டத்திலும் நாலு நிமிடம் ஆகும். தொடங்குமுன் ரியூப் நுனியை விரலால் அடைத்துப் பாருங்கள்; பம்ப் அலாரம் அடிக்காவிட்டால் எங்கோ ஓட்டை, நீங்கள் அளப்பது கிணற்றுக் கட்டில் உள்ள காற்றை.

அளவு நன்றாக இருந்தாலும் இறங்குபவரின் நெஞ்சருகே மானி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றைக் கிளறும்போதுதான் உள்ளே அடைபட்ட வாயு வெளிவரும், குறிப்பாக மலசலகூடக் குழியில். கூழ்முட்டை மணம் திடீரென்று நின்றால் சந்தோசப்படாதீர்கள். ஐதரசன் சல்பைட்டு 100 பிபிஎம் அளவில் மூக்கை மரக்கச் செய்துவிடும்.

படகின் பழைய மண்ணெண்ணெய்த் தாங்கியை ஒட்ட வேண்டும். மீற்றர் 0 காட்டினது. ஒட்டலாமோ?
— வெல்டிங் வேலை செய்பவர், குருநகர்

ஒட்ட வேண்டாம். மண்ணெண்ணெய், டீசல் ஆவிகள் கனமானவை. சென்சருக்கு முன்னுள்ள உலோக வடியைத் தாண்டி மெதுவாகத்தான் உள்ளே போகும். ரியூபிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். மெதேனால் திருத்திய மானி இவற்றை மிகக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, நீங்கள் அளந்தது குளிர்ந்த தாங்கியை. மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பம், அதாவது பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பம், 38 பாகை அளவில் தொடங்குகிறது. வெயிலில் கிடந்த தகரம் அதைத் தாண்டும். வெல்டிங் சூடு தகட்டில் படும்போது மூலையில் ஒட்டியிருக்கும் கசடு ஆவியாகும். மீற்றர் 0 காட்டியது ஐந்து நிமிடத்துக்கு முந்திய நிலை.

கசடு முழுதும் சுரண்டி, சவர்க்காரமும் சுடுதண்ணீரும் விட்டுக் கழுவி, நீராவி அடித்து, ஒட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மேலே மிஞ்சும் சிறு வெற்றிடத்துக்கு மூடியைத் திறந்துவிட்டுத்தான் வேலை. அதன் பிறகு மீற்றர் காட்டும் 0 ஒரு கூடுதல் சாட்சி. பெற்றோல் தாங்கி என்றால் எங்கள் பதில் புதுத் தாங்கி வாங்குங்கள் என்பதே.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கலிபிரேஷன்?
— பலர்

கைநூல் சொல்லும் இடைவெளி, அது மானியைப் பொறுத்து ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் அரை நிமிடம் காஸ் காட்டிப் பார்க்க வேண்டும். அலாரம் அடித்து, இலக்கம் கைநூல் தரும் எல்லைக்குள் வந்தால் அன்றைக்கு அது வேலைக்கு. வராவிட்டால் முழுக் கலிபிரேஷன். மானி விழுந்தால், நனைந்தால், அளவுக்கு மிஞ்சிய காஸ் பட்டால் உடனே.

கடலோரத்தில் வேலை செய்பவர்கள் சென்சர் வடியையும் பாருங்கள். உப்பும் தூசியும் அடைத்தால் இலக்கம் கடைசியில் சரியாகவே வரும், ஆனால் பத்து விநாடியில் வரவேண்டியது ஒரு நிமிடத்தில் வரும். இலக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது, கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

கலிபிரேஷன் சிலிண்டர் காலாவதியாகி மூன்று மாதம். புதியது விலை. வீட்டுக் காஸைச் சிறிஞ்சால் அளந்து பொலித்தீன் பையில் காற்றோடு கலக்கலாம் என்கிறார் நண்பர். கொழும்பில் இருந்து சிலிண்டரைப் பஸ்ஸில் பார்சல் போடலாமா?
— வாசகர், பருத்தித்துறை

நண்பரின் யோசனையை விடுங்கள். வீட்டுச் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது, சிலிண்டர் குறையக் குறைய வெளிவரும் விகிதமும் மாறும். பையின் கனவளவைக் கண்ணால் மதிக்கிறீர்கள். கை தவறி இரண்டு மடங்கானால் நீங்கள் பிடித்திருப்பது வெடிக்கக்கூடிய கலவை நிரம்பிய பை, அதுவும் நிலைமின் பொறி தரும் பொலித்தீன். அப்படித் திருத்திய மானிக்குச் சான்றும் இல்லை.

காலாவதியான சிலிண்டரில் முதலில் கெடுவது ஐதரசன் சல்பைட்டு. அது தானே குறைந்துபோகும். மெதேன் அவ்வளவு மாறாது. இருந்தாலும் அதை வைத்துத் திருத்துவது கூடாது. எரிவாயுச் சென்சர் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், மேலே பெரிதாக "திருத்தத்துக்கு அல்ல" என்று எழுதி. நான்கு வாயு தேவையில்லாதவர்கள் மெதேன்-காற்றுச் சிலிண்டர் மட்டும் வாங்கினால் அது நீண்ட காலாவதியோடு வரும், செலவும் குறையும். அயலில் மானி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிலிண்டர் எடுப்பது இன்னும் நல்லது. கணக்கை மேலே பார்த்தீர்கள், எப்போதாவது மட்டும் மானியை எடுக்கும் ஒருவரால் காலாவதிக்குள் அதை முடிப்பது கடினம்.

பஸ் வேண்டாம். அழுத்திய வாயு ஆட்கள் ஏறும் வாகனத்தின் சாமான் பெட்டிக்குள் சூட்டோடு ஏழெட்டு மணித்தியாலம் கிடக்கக்கூடாது. விற்பவரிடம் சரக்கு வாகனத்தில் அனுப்பச் சொல்லுங்கள், வால்வு மூடியும் லேபிளும் இருக்கட்டும். முடிந்த சிலிண்டரை மீள நிரப்பத் தேடாதீர்கள். அது அதற்குச் செய்ததல்ல. மிச்சத்தைத் திறந்த வெளியில் மெதுவாக விட்டு, அழுத்தமானி பூச்சியம் காட்டிய பின் "வெறும்" என்று எழுதி, பழைய இரும்புக்காரரிடம் வால்வு திறந்த நிலையில் கொடுங்கள். குப்பையோடு போட்டு எரிப்பவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பயம்.

2021 கடைசியில் நாடெங்கும் காஸ் சிலிண்டர் விபத்துகள் நடந்ததில் இருந்து அம்மாவுக்குப் பயம். வீட்டுக்கும் ஒரு கையடக்க டிடெக்டர் வேண்டுமா?
— வாசகி, திருநெல்வேலி

வேண்டாம். கலிபிரேஷன் செய்யாத மானி வீட்டில் இருந்தால் பொய்த் தைரியம்தான் மிஞ்சும். சுவரில் பூட்டும் காஸ் அலாரம் வாங்குங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம் என்பதால் நிலத்தில் இருந்து ஒரு அடிக்குள் பூட்ட வேண்டும், அடுப்புக்கு மேலே அல்ல. பின்பக்கத்தில் எழுதிய ஆயுள் முடிந்ததும் மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ரெகுலேற்றர் வாயிலும் குழாயின் இரண்டு நுனியிலும் சவர்க்கார நுரை தடவுங்கள். மணம் வந்தால் சுவிட்சில் கை வைக்காமல் சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவும் போக வேண்டாம். நிறுத்தும்போதும் சுவிட்சில் பொறி வரும்.